அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்: ஒரு சொற்றொடரும் ஒரு சாட்சியமும்

சற்றே நீண்ட பதிவு. என் ஆய்வேட்டில் இடம்பெறாத ஒரு சொற்றொடரைப் பற்றியது. ஆயினும் ஆய்வேட்டின் எந்த இயலைக் காட்டிலும் நெடுங்காலமாக என்னுடன் இருந்து வருவது. பொறுமையுள்ள நண்பர்கள் வாசிக்கலாம்.

சாலை விபத்து குறித்த முதல் தகவல் அறிக்கையைத் தமிழ்நாட்டின் எந்தக் காவல் நிலையத்தில் வாசித்தாலும் ஒரு தொடர் தவறாமல் வரும்: “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து.” காட்பாடியைக் கடந்து எல்லைக்கு அப்பால் சித்தூருக்குச் சென்றால் மொழி மாறுகிறது, தொடர் மாறுவதில்லை. “அதிவேகங்கா, அஜாக்ரத்தகா” என்று தெலுங்கில் எழுதுகிறார்கள். லாரி ஆனாலும் இருசக்கர வாகனம் ஆனாலும், நெடுஞ்சாலை ஆனாலும் மலைப்பாதை ஆனாலும், இறந்தவர் ஒருவரானாலும் பத்துப் பேரானாலும் இவ்விரு சொற்களே. எழுதுபவர் சிந்தித்து எழுதுவதில்லை. வாசிப்பவரும் அவ்விடத்தில் கண்ணை நிறுத்துவதில்லை. வழக்குமன்ற மொழியில் இவை கல்வெட்டுகளின் மெய்க்கீர்த்தித் தொடர்களைப் போல் உறைந்துவிட்டவை.

நான் அங்கே கண்ணை நிறுத்தியதற்குக் காரணம் என் பெரியப்பா.

எங்களுடையது சித்தூர் மாவட்டத்துத் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, வரப்புத் தகராற்றில் இரண்டும். இப்பகுதியின் வரலாறு தெரிந்தோர்க்கு இது புதிதன்று. 1911 ஏப்ரல் முதல் நாள் தனி மாவட்டம் ஆகும் வரை சித்தூர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராகவே இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியபோது எங்கள் ஊர் திரும்பவில்லை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் மாறிக்கொண்டிருக்க, மக்கள் இரு மொழியையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பாவுக்குக் கரும்பு நிலம் இருந்தது. சாலையை ஒட்டிய நிலம். ஒரு நாள் மாலை, புல்லுக்கட்டோடு சாலையைக் கடந்த எங்கள் தெருப் பெண்மணி ஒருவரை ஒரு லாரி அடித்துச் சென்றதை அவர் தம் வரப்பில் நின்று கண்டார். வேறு சாட்சி இல்லை. ஆண்டுகள் கழிந்து வழக்கு விசாரணைக்கு வந்தது. கூண்டில் ஏறி, தமிழ் கலந்த தெலுங்கில் அவர் சொன்னது: “கண்ணு மண்ணு தெரியாம வந்தான் சார்.” பதிவேட்டில் ஏறியது: அதிவேகமாக வந்தான். குறுக்கு விசாரணையில், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார்கள். அவர் வாழ்நாளில் மிதிவண்டி தவிர எதையும் ஓட்டியதில்லை. தெரியாது என்றார். ஓட்டுநர் விடுதலை ஆனார். தீர்ப்பைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பதிவேட்டில் இருந்த சாட்சியத்தைக் கொண்டு வேறு தீர்ப்பு வந்திருக்க வழியில்லை என்பதைப் பின்னாளில் சட்ட நூல்களைப் படித்து உணர்ந்தேன். ஆனால் பதிவேட்டில் இருந்தது பெரியப்பாவின் சாட்சியந்தானா என்பது வேறு கேள்வி. அது மொழியியல் கேள்வி.

முதலில் சட்டத்தின் பக்கம். இத்தகைய வழக்குகளுக்கு அடிப்படை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு. மெக்காலே குழுவின் வரைவு 1837-க்கு உரியது; சட்டம் நிறைவேறியது 1860; நடைமுறைக்கு வந்தது 1862. மரணம் விளைவித்தலைப் பற்றிய 304-அ பிரிவு 1870-இல் சேர்க்கப்பட்டது. மோட்டார் வண்டி பிறக்காத காலம். தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856-இல்தான் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை, அதாவது அன்றைய வட ஆர்க்காட்டுக்குள், எட்டியிருந்தது. சட்டம் எழுதியோரின் மனக்கண்ணில் இருந்தவை குதிரை வண்டியும் சவாரிக் குதிரையும். அப்பிரிவில் வேகம் என்ற சொல்லே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிறர் உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் ‘ராஷ்’ ஆகவோ ‘நெக்லிஜென்ட்’ ஆகவோ ஓட்டுதல் என்றே அது பேசுகிறது. முன்னது, ஆபத்து தெரிந்தும் துணிதல். பின்னது, எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்காமை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவும் இதே சொற்களைத்தான் தாங்கியிருக்கிறது.

அப்படியானால் அதிவேகம் எங்கிருந்து வந்தது? ‘ராஷ்’ என்பதற்கு நம் காவல் நிலைய எழுத்தர்கள் கண்ட மொழிபெயர்ப்பு அது. எவர் முதலில் எழுதினாரோ தெரியாது. ஆனால் அவர் தம்மையறியாமல் ஒரு வேடிக்கை செய்திருக்கிறார். ஆங்கிலத்தின் ‘ராஷ்’ பழங்காலத்தில் சுறுசுறுப்பான, விரைவான என்றே பொருள்பட்டது. அதன் உடன்பிறப்பான ஜெர்மானியச் சொல் ‘ராஷ்’ இன்றும் விரைவு என்றே பொருள்படுகிறது. அதில் அசட்டுத் துணிவின் சாயல் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் விரைவு தேய்ந்து துணிவு எஞ்சியது. நம் எழுத்தர் அச்சொல்லை மீண்டும் அதன் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். சொற்பிறப்பியல் வகுப்பில் இதைச் சொல்லிச் சிரிக்கலாம். வழக்குமன்றத்தில் இதன் விலை பெரிது.

ஏனெனில் வேகம் என்று எழுதியவுடன் அது அளக்கப்பட வேண்டியதாகிவிடுகிறது. 1998-இல் கர்நாடக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே கூறியது. லாரி கவிழ்ந்து பலர் இறந்த வழக்கு. கீழமை நீதிமன்றங்கள் தண்டித்தன; உயர் நீதிமன்றம் விடுவித்தது; உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது. சாட்சிகள் வண்டி மிகுந்த வேகத்தில் வந்தது என்று மட்டும் சொன்னார்கள். மிகுந்த வேகம் என்பது சார்புச் சொல். அதனால் மட்டும் துணிச்சலோ கவனமின்மையோ மெய்ப்பிக்கப்பட்டதாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது: 183-ஆம் பிரிவு வரம்பு மீறிய வேகத்துக்கு, 184-ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டத்துக்கு. முன்னதில், கருவி கொண்டு கணிக்காத ஒற்றைச் சாட்சியின் கருத்தை மட்டும் வைத்து எவரையும் தண்டிக்கலாகாது என்ற விதியும் உண்டு. நியாயமான விதிதான். மனிதக் கண் வேகமானி அன்று.

ஆனால் பெரியப்பா வேகத்தைச் சொல்லவே இல்லையே!

இவ்விடத்தில் மொழிக்குள் சற்று உள்ளே செல்ல வேண்டும். தமிழில் விரைவுக்குச் சொற்பஞ்சம் என்றும் இருந்ததில்லை. தொல்காப்பிய உரியியல் கதழ்வு, துனைவு ஆகிய இரண்டையும் விரைவுப் பொருளில் வைக்கிறது. இரண்டும் இன்று பேச்சில் இல்லை. அதே உரியியலில் ‘கடி’ என்ற உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள்கள் தரப்படுகின்றன. காவல், கூர்மை, புதுமை, சிறப்பு என விரியும் அப்பட்டியலில் விரைவும் உண்டு, அச்சமும் உண்டு. நன்னூல் அப்பட்டியலைப் பதின்மூன்றாக்கும்போதும் இவ்விரண்டும் விடுபடவில்லை.

பட்டியலில் இரண்டு பொருள்கள் சேர்ந்து வருவதாலேயே அவை ஒரே உணர்வின் இரு முகம் என்று சொல்லிவிட முடியாது. ஒலியால் ஒன்றான வேறு வேறு சொற்களையும் பழைய இலக்கணிகள் ஒரே நூற்பாவில் கட்டியிருக்கலாம். என் ஆசிரியர் கேட்டால் முதலில் இந்த எச்சரிக்கையைத்தான் விடுப்பார். எனவே பட்டியலை விட்டு வழக்கைப் பார்ப்போம். கடி, கடிது, கடிய, கடு என ஒரே குடும்பமாக நிற்கும் இச்சொற்கள் சங்கச் செய்யுள்களில் எவற்றோடு சேர்கின்றன? கடுந்தேர், கடும்பரி, கடுமான், கடும்புனல், கடுவளி. போர்க்களத்துத் தேர், பாயும் குதிரை, கரையுடைக்கும் வெள்ளம், மரம் முறிக்கும் காற்று. எல்லாம் விரைபவை, எதிரே நிற்பவன் விலகியாக வேண்டியவையும் கூட. எதிரே நிற்பவனின் கண்கொண்டு பார்த்த விரைவு இது. தேரில் இருப்பவனுக்கு அது விரைவு. தரையில் நிற்பவனுக்கு அது கடுமை. ஆபத்தான வேகத்துக்குத் தமிழில் ஒற்றைச் சொல் உண்டா என்று கேட்டால், இருந்தது, அது ‘கடு’ என்பேன்.

பின் என்னவாயிற்று? சொல் இரண்டாகப் பிளந்தது. தமிழ்நாட்டுத் தமிழில் கடுமை தங்கியது, விரைவு கழன்றது. கடும் வெயில், கடும் குளிர், கடும் கண்டனம் என்கிறோம். எதிலும் ஓட்டம் இல்லை. தெலுங்கிலும் ‘கடு’ உண்டு. அங்கே அது ‘மிக’ என்னும் அளவுக்குச் சுருங்கி, இலக்கிய நடையில் ஒதுங்கிவிட்டது. இலங்கைத் தமிழிலோ நேர்மாறு. 1956 முதல் ஓடும் யாழ்தேவியை இலங்கைத் தமிழர் கடுகதி வண்டி என்பார்கள். நகர்களுக்கிடையே நிற்காமல் ஓடுவது நகர்சேர் கடுகதி. அங்கே விரைவு தங்கியது, அச்சம் கழன்றது. கடுகதியில் ஏற எவரும் அஞ்சுவதில்லை. முன்பதிவு கிடைக்காதோ என்று அஞ்சுவோர் உண்டு.

கழன்ற இடத்தில் வந்து அமர்ந்தது ‘வேகம்’. இந்த வடசொல்லுக்கும் ஒரு பழைய கதை உண்டு. வேகத்தின் வேர் ‘விஜ்’. நடுங்குதல், திடுக்கிட்டு அசைதல் என்பது அதன் பொருள். அதே வேரிலிருந்து கிளைத்ததே ‘உத்வேகம்’. வடமொழியில் அது மனக்கலக்கம், பதற்றம். கடியில் அச்சமும் விரைவும் கூடி நின்றதைப் போலவே வேகத்துக்குள்ளும் நடுக்கம் இருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது. ஆனால் தமிழுக்கு வந்து சேர்ந்தபின் அந்நடுக்கம் மறைந்தது. உத்வேகம் இன்று ஊக்கம். மாணவர்க்கு உத்வேகம் அளிக்கிறார்கள். மனக்கலக்கம் அளிப்பதாக எவரும் எண்ணுவதில்லை. வேகமோ வெறும் அளவாயிற்று. நடுக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் முன்னே ஏதேனும் ஒட்ட வேண்டும்: அசுர வேகம், குருட்டு வேகம், அதிவேகம்.

இவற்றுள் அதிவேகம் மிகவும் பலவீனமான ஒட்டு. ‘அதி’ வடமொழியில் எல்லை கடந்த என்று பொருள்படும். தமிழில் அது ‘மிகுந்த’ என்ற அளவோடு நின்றுவிட்டது. எனவேதான் ஒரே சொல் குற்றப்பத்திரிகையிலும் விளம்பரத்திலும் இருக்க முடிகிறது. அதிவேக இணையம், அதிவேக ரயில் என்று நாம் பெருமை கொள்கிறோம். இலங்கையில் 2011-இல் திறக்கப்பட்ட தெற்கு நெடுஞ்சாலைக்கு அதிகாரபூர்வத் தமிழ்ப் பெயரே அதிவேக நெடுஞ்சாலை. ஒரு நாட்டில் சாலைக்குப் பெயர், மறுநாட்டில் சாலைக் குற்றத்துக்குப் பெயர்! தெலுங்கு நாளேடுகள் இவ்வகையில் சற்று நுட்பமானவை. அதிவேகத்தோடு ‘மிதிமீரின வேகம்’ என்றும் எழுதுகின்றன. மிதி என்பது அளவு, வரம்பு. மீரு என்பது நம் ‘மீறு’. வரம்பு மீறிய வேகம் என்றவுடன் வரம்பு ஒன்று கண்முன் வந்து நிற்கிறது. மீறியவனும் வந்து நிற்கிறான்.

‘அஜாக்கிரதை’யைப் பற்றி ஒரு சொல். விழித்திருத்தல் என்ற பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது ஜாக்கிரதை. எனவே அஜாக்கிரதை என்பது சரியாகச் சொன்னால் விழித்திராமை. விடியற்காலையில் வாடகை வண்டியில் திருப்பதிப் பயணம் செய்தோர்க்கு அதன் முழுப்பொருளும் தெரியும்.

இனிப் பெரியப்பாவின் சொல்லுக்கு வருவோம். ஏட்டுச் சொல் நீர்த்துப்போன இடத்தில் பேச்சுவழக்கு சும்மா இருக்கவில்லை. தலைதெறிக்க ஓடினான், பின்னங்கால் பிடரியில் பட ஓடினான், விழுந்தடித்து ஓடினான், குடல் தெறிக்க ஓடினான். இவை எல்லாம் உடலைக் கொண்டு ஓட்டத்தை அளப்பவை. ஓடுபவனின் உடலுக்கு நேரக்கூடியதைச் சொல்பவை. கழுத்து முறியும் வேகம் என்று ஐரோப்பிய மொழிகளில் வழங்குவதும் இவ்வகையே. ‘கண்மண் தெரியாமல்’ என்பது இக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று. அது வேகத்தைச் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கண்மண் தெரியாமல் குடிக்கலாம். கண்மண் தெரியாமல் அடிக்கலாம். கண்மண் தெரியாமல் கடன் வாங்கலாம். எதிலும் கிலோமீட்டர் இல்லை. பார்க்கும் கண்ணும் பார்க்கப்படும் நிலமும் ஒருசேரப் புலனாகாமற் போன ஒருவனின் நிலை அது. முன்னே ஒருத்தி புல்லுக்கட்டோடு கடக்கிறாள் என்பது அவன் அறிவுக்குள் வரவில்லை. வர அவன் இடந்தரவில்லை. துணிச்சலும் கவனமின்மையும் ஒருங்கே அதில் அடங்கியிருக்கின்றன. 279-ஆம் பிரிவு கேட்டது எதுவோ அதையே, சட்டம் படியாத ஒரு விவசாயி, நான்கு சொற்களில் கூண்டில் நின்று கொடுத்தார். எழுதுபவர் அதை வேகமாக மாற்றினார். வேகம் என்றவுடன் எத்தனை என்ற கேள்வி வந்தது. எத்தனை என்று தெரியாது என்றவுடன் எல்லாம் முடிந்தது.

எழுதியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. தமிழ்த் தொடரைத் தெலுங்கில் கேட்டு, அலுவல் நடையில் எழுத வேண்டிய நெருக்கடி. உறைந்த தொடர் ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது எவரும் அதைத்தான் எடுப்பார். இருமொழி வட்டாரத்தில் சொற்கள் இப்படி நழுவுவது நாள்தோறும் நடப்பது. ‘ஜோர்’ என்ற பாரசீகச் சொல்லைத் தமிழர் ‘நன்று’ என்ற பொருளில் வழங்க, தெலுங்கர் ‘ஜோரு’வை உரத்த, வலுத்த, விறுவிறுப்பான என்ற பொருளில் வழங்குவர். மழை ஜோராகப் பெய்கிறது என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னால், அவர் மகிழ்கிறாரா எச்சரிக்கிறாரா என்பதை அவர் முகத்தைப் பார்த்தே அறிய முடியும். ‘நிதானம்’ இன்னொன்று. ஆந்திரச் சாலைகளில் ‘நிதானமே பிரதானம்’ என்ற எச்சரிக்கையைக் காணலாம். தெலுங்கில் நிதானங்கா என்றால் மெதுவாக. தமிழில் நிதானம் என்பது மனத்தின் தன்மை. அவன் நிதானத்தில் இல்லை என்றால் குடித்திருக்கிறான் என்று பொருள். ஒரே பலகையை இரு மொழியினர் வாசித்து இரு வேறு அறிவுரை பெறுகிறார்கள். இரண்டும் நல்ல அறிவுரை என்பது நற்பேறு.

ஓர் இடைச்செருகல். விரைவைச் சொல்லால் மட்டுமன்றிக் காலத்தாலும் காட்டுவது தமிழ் இயல்பு. இன்னும் நிகழாததை நிகழ்ந்ததாகச் சொல்லுதல் விரைவைக் குறிக்கும் என்று தொல்காப்பிய வினையியலிலேயே விதி இருக்கிறது. உணவின் முன் அமர்ந்திருப்பவன், வெளியே நின்று அழைக்கும் தோழனுக்கு உண்டுவிட்டதாகவும் வந்துவிட்டதாகவும் விடை சொல்வதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். இன்று அலிபிரியில் இருந்துகொண்டே “மேலே வந்துட்டேன்” என்று கைப்பேசியில் சொல்லும் ஓட்டுநரிடம் அவ்விதி இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பழுதின்றி வேலை செய்கிறது. மற்றொரு கையில் இருப்பது ஸ்டியரிங் என்பதுதான் கவலை.

விரைவையே விழாவாக்கிய ஊர்களும் எங்கள் பக்கத்தில் உண்டு. சந்திரகிரியை அடுத்த ரங்கம்பேட்டையில் சங்கராந்திக் காலத்தில், கொம்பில் பலகை கட்டிய மாடுகளைத் தெருவில் ஓட விட்டு, இளைஞர்கள் பலகையைப் பறிப்பார்கள். வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்து எருது விடும் விழாவில் குறைந்த நொடியில் எல்லையைத் தொட்ட மாட்டுக்குப் பரிசு. அங்கே ‘சீறிப் பாய்ந்தது’ என்பார்கள். சீறல் பாம்புக்கு உரிய சினம், பாய்தல் விரைவு. பழைய கடுவைப் பிரித்து இரு சொல்லாக்கி மீண்டும் ஒட்டியது போன்ற தொடர். மலைக்கணவாய்க்குத் தெலுங்கில் ‘கனும’. மாட்டுப் பொங்கல் நாளுக்கும் கனுமதான். இரண்டும் ஒரே சொல்லா என்பது தனிப் பதிவுக்கு உரியது.

கணவாய் என்றதும் திருமலை நினைவுக்கு வருகிறது. தமிழ் கூறும் நிலத்தின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் குறிக்கும் அதே வேங்கடம். 1944 வரை படியேறியோ டோலியில் சுமக்கப்பட்டோதான் மேலே செல்ல முடியும். அவ்வாண்டு, சென்னை மாகாண ஆளுநராக ஆர்தர் ஹோப் இருந்த காலத்தில், முதல் மலைப்பாதை திறந்தது. 36 கொண்டையூசி வளைவுகள். எழுபதுகளில் இரண்டாம் பாதை வந்தபின் அது ஏறுவதற்கும், பழையது இறங்குவதற்கும் என்றாயிற்று. இப்பாதையில் வேகத்தை அளக்கும் முறை விந்தையானது. கருவி எதுவும் இல்லாமலே அளந்தார்கள். சோதனைச் சாவடியில் நேரம் குறித்த சீட்டு. ஏற 28 நிமிடங்களுக்குக் குறையக் கூடாது, இறங்க 40 நிமிடங்களுக்குக் குறையக் கூடாது. முன்னதாக வந்து சேர்ந்தால் அபராதம். இறங்கும் பாதை ஏறத்தாழ 19 கிலோமீட்டர் என்பதால், சராசரி மணிக்கு 29 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. சீக்கிரம் வந்தது குற்றம் என்று ஆண்டவன் சந்நிதியில் ஒரு சட்டம்! இதை முதலில் கேள்விப்பட்டபோது, வேகம் என்ற சொல்லையே பயன்படுத்தாமல் ஆபத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று வியந்தேன்.

இதே சேஷாசலத் தொடரை ஒட்டிய பாகராப்பேட்டைக் கணவாயில் 2022 மார்ச்சில், தர்மவரத்திலிருந்து நிச்சயதார்த்தத்துக்காகத் திருப்பதிக்கு வந்த குடும்பத்தாரின் பேருந்து இரவில் பள்ளத்தில் கவிழ்ந்தது. அங்கே நேரச் சீட்டு இல்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் பெரியப்பாவைத் திருமலைக்கு அழைத்துச் சென்றேன். வழக்கு முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைப் பற்றி அவர் வீட்டில் பேசுவதில்லை. கூண்டில் தாம் சரியாகச் சொல்லவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தார். தரிசனம் முடிந்து வாடகை ஜீப்பில் இறங்கினோம். ஓட்டுநர் இளைஞர். முதல் பத்து வளைவுகளில் பின்னிருக்கையில் இருந்த அனைவரும் ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்தோம். பெரியப்பா முன்னிருக்கைக் கம்பியை இரு கைகளாலும் பற்றிக் கோவிந்தா கோவிந்தா என்றார். அடுக்குத்தொடர் அச்சத்திலும் விரைவிலும் வரும் என்ற இலக்கண விதிக்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது. பிறகு, கடைசி வளைவுகளுக்கு முன்னே, ஒரு மரத்தடியில் ஜீப் நின்றது. ஓட்டுநர் இறங்கித் தண்ணீர் குடித்தார், கைப்பேசியைப் பார்த்தார்.

“எதுக்குப்பா நிறுத்திட்ட?”

“டைம் இருக்குது தாத்தா. இன்னும் எட்டு நிமிஷம்.”

எட்டு நிமிடம் கழித்துப் புறப்பட்டோம். சாவடியில் சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். 41 நிமிடம். போகலாம் என்றார்கள். பெரியப்பா அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

“இத கோர்ட்ல குடுத்தா, இவன் நிதானமா வந்தான்னுதான எழுதிக்குவாங்க?”

ஆமாம் என்றேன். அன்று இரவு, திருப்பதிப் பேருந்து நிலையத்தில் சித்தூர் வண்டிக்குக் காத்திருந்தபோது, 279-ஆம் பிரிவில் வேகம் என்ற சொல்லே இல்லை என்பதை முதன்முறையாக அவரிடம் சொன்னேன். அவர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார். பிறகு, அந்தப் பெண்மணியின் மகனிடம் இதைச் சொல்ல வேண்டும், ஊருக்குப் போனதும் நினைவுபடுத்து என்றார்.